தண்ணீர் குடிக்கும் அணில்

தனுஷ்கோடி சுங்கப் பேரேடு, முப்பத்தொன்று, மாசி மாதம்:
தலைமன்னார்க் கப்பலில் வந்த மரப்பெட்டி ஒன்று.
உள்ளே ஊதா நிற மோட்டார் சைக்கிள், பழையது.
சிலிண்டர் இரண்டு.
வால்வு எத்தனை என்று கேட்டேன்.
'இல்லை' என்றான் மீராக்கனி.
பொய் என்று நினைத்து,
'இல்லை, உரியவர் சொன்னபடி' என்று எழுதினேன்.

மூடியைத் திருகினால் உள்ளே ஏதோ தளும்புகிறது.
கொழும்பிலிருந்து என்னென்ன தளும்பி வரும் என்று எனக்குத் தெரியும்.
விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.
தண்ணீர்தான். நம்பவில்லை.
'சோதனையில்' என்று குறித்தேன்.
'எஞ்சினுக்குத் தாகம் எடுக்கும் ஐயா' என்றான்.
இந்தச் சீமைக்குள்
தண்ணீர் கேட்கிற வண்டியைக் கொண்டுவர
ஒருவனுக்கு என்ன துணிச்சல்.

கீழக்கரையில் சங்கு குளித்தவன்.
திருக்கை முள் ஏறி, புரையோடி,
இடது கை மணிக்கட்டோடு போயிற்று.
எண்ணிப் பாருங்கள்,
ஓடுகிற வண்டிகள் எல்லாம் மூன்று கை கேட்கின்றன.
பிடிக்க ஒன்று, கிளட்ச்சுக்கு ஒன்று,
பெட்ரோல் தொட்டியோரக் கம்பியைத் தள்ள இன்னொன்று.
யார்க்‌ஷயரில் எவனோ ஒருவன்
காலை நம்பியிருக்கிறான்.
முன்பாதம் அழுத்தினால் முதல் கியர்,
குதிகால் அழுத்தினால் இரண்டாவது,
நடுவே சும்மா இருத்தல்.
மீராக்கனிக்குக் கால்கள் முழுதாக இருந்தன.

மாடலின் பெயர் அணில் என்று சீட்டில் இருந்தது.
பண்டாக்கள் சிரித்துத் தீர்த்தார்கள்.
'சேதுவுக்கு இன்னொரு அணிலா? இது மண் சுமக்குமா?'
'சக்கரத்தில சுமக்கும்.'

ரயில்வே கார்விக் துரையின் வண்டிக்கு
ஒரே தலையில் நாலு வால்வு.
காற்றே போதும் அதற்கு.
ஞாயிறு, வற்றம், ஆண்கடல் பக்கத்து ஈரமணல்.
துறையிலிருந்து அரிச்சல்முனை, திரும்பவும் துறை,
பந்தயம் பத்து ரூபாய்.
முனையில் கைக்குட்டையோடு நான்,
திரும்பியவர் திரும்பினார் என்று சாட்சி சொல்ல.

முதலில் துரை.
கியர் மாற்றக் கையை எடுத்தபோது
வண்டி மணலில் ஒருமுறை தள்ளாடியது,
பிடித்துக்கொண்டார், போய்விட்டார்.
பிறகு அது,
ஒரு மைல் கித்தானை நிறுத்தாமல் கிழிக்கிற சத்தம்.
என் முன்னால் வந்து
ஆவியாய் நின்றது.

'கடலில் மொண்டு ஊற்றேன்' என்றேன்.
இரண்டு பக்கமும் கடல்.
'உப்பு அரிச்சிடும்.
இருபது வருசம் அதுக்குள்ள இருந்தவன் சொல்றேன்.'
அடம்பங்கொடி ஓரம் முழங்காலிட்டுத் தோண்டினான்.
சரிந்தது. தோண்டினான். சரிந்தது.
ஒரு கையால் தோண்டும் குழி
தன்னைத் தானே மூடிக்கொள்கிறது.
அரசாங்கக் கோட்டைக் கழற்றாமலே நானும் மண்டியிட்டு
சரிகிற பக்கத்தை அணைத்துப் பிடித்தேன்.
முழங்கை ஆழத்தில் கசிந்து, கலங்கி,
பிறகு தெளிந்தது.
மொள்ள ஒன்றுமில்லை.
முத்திரை வைத்த என் தொப்பி இருந்தது.
பதினோரு தொப்பி.
அணில் குடித்தது, விம்மியது,
மறுபடி குடித்தது.

துரை அதற்குள் டீயே குடித்திருப்பார்.
'ஏறுங்க' என்றான்.
பந்தய வண்டியில் சாட்சி ஏறலாமா என்று
யாரும் விதி எழுதவில்லை.
சாக்கு விரித்த தட்டில், ஈரத் தொப்பி நெற்றியில் சொட்ட,
பாக்குநீரிணைப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்,
முன்னால் பார்க்கப் பயம்.
ஒருமுறை பார்த்தேன்.
அவன் இடது மணிக்கட்டின் மொழுக்கு
கைப்பிடிமேல் சும்மா சாய்ந்திருந்தது,
ரயில் ஜன்னலில் கைவைத்து ஊர் போகிறவனைப்போல.

பத்து ரூபாய் போயிற்று.
திங்கள் காலை பேரேட்டைத் திறந்து
'உள்ளிருக்கும் திரவம்' என்ற கட்டத்தில்
'சோதனையில்' என்பதை அடித்துவிட்டு எழுதினேன்:
தண்ணீர். நல்லது.
உள்ளூர்ச் சரக்கு.
தீர்வை இல்லை.